லைட் பிடிக்கும் மருமகளுக்கு

பாப்பா,

போன ஞாயிறு ராத்திரி பதினொரு மணிக்கு மண்டபத்துப் பின்வாசலில் நின்றுகொண்டு போன் பண்ணினாயே, அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருக்கிறேன். போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் மட்டும் விழும், படித்திருக்க மாட்டாய். இங்கே போட்டால் தெரிந்தவர்கள் நாலு பேர் படிப்பார்கள், ஒருத்தராவது உன்னிடம் விசாரிப்பார்கள். அந்தக் கூச்சத்துக்காவது கடைசிவரை படி.

நீ சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "மூணு வருஷமா சாஃப்ட்பாக்ஸ் லைட்டைத் தூக்கிட்டு நிக்கறேன் அத்தை. ஆல்பம் டிசைன் பண்றேன், எல்லார் மூஞ்சியும் வழவழன்னு ஆக்கறேன். கேமராவை மட்டும் கையில குடுக்க மாட்டேங்கறாங்க. பொண்ணு ரூமுக்குள்ள போகணும்னா மட்டும் நான் வேணும்."

லண்டனில் ஒரு பெண் இதே மூன்று வருஷத்தை ஒரு ஸ்டுடியோவில் கழித்தாள். அந்த மூன்று வருஷத்தில் அவள் எடுத்த படம் ஒன்றே ஒன்று. வெளியே வந்து 1914-ல் தனி ஸ்டுடியோ போட்டபோது அவளுக்கு வயது 21. அதற்கப்புறம் அறுபது வருஷம் சீமாட்டிகளும் பிரபுக்களும் நடிகைகளும் அவள் விளக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பெயர் யெவோண்ட் கம்பர்ஸ். கடைப் பலகையில் மேடம் யெவோண்ட்.

2023-ல் உன் மச்சான் வீட்டுக்கு லண்டன் போயிருந்தேன் இல்லையா, அப்போதுதான் பார்த்தேன். டிரஃபால்கர் சதுக்கத்துப் பக்கத்தில் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி. மூன்று வருஷம் மூடி வைத்துப் புதுப்பித்து அந்த ஜூனில்தான் திறந்திருந்தார்கள். முதல் கண்காட்சிகளில் ஒன்று இவருடையது. அவன் வேலைக்குப் போன பிறகு நான் தனியாக இரண்டு தடவை போனேன். கால் வலியோடு நின்று பார்த்தேன்.

முதலில் அந்தப் பழைய ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்லவேண்டும். மேஃபேரில் கர்சன் தெருவில் லாலி சார்லஸ் என்ற பெண்மணி நடத்தியது. அந்தக் காலத்து லண்டனில் பெரிய இடத்துப் பெண்களைப் படம் எடுப்பதில் அவருக்குத்தான் முதல் பேர். பெண்கள் இந்தத் தொழிலில் இருந்தது அங்கே புதுசும் அல்ல. அவருக்கு முன்னால் கவர் தெருவில் ஆலிஸ் ஹியூஸ் என்பவர் பெண்களையும் குழந்தைகளையும் மட்டும் எடுப்பேன் என்று வைத்துக்கொண்டு, அறுபது பெண்கள் வரை வேலைக்கு வைத்து நடத்தினார். அறுபது பேர் என்றால் எல்லாரும் கேமராவா பிடித்திருப்பார்கள்? பிரிண்ட் போட, மவுண்ட் ஒட்ட, புள்ளி அடைக்க, நெகடிவில் முகத்தைத் திருத்தி டச்சிங் பண்ண, வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்க, கணக்கு எழுத. படம் எடுப்பது அந்த வீட்டின் ஒரு அறையில் மட்டும் நடக்கிற காரியம். மற்ற அறைகளில்தான் படம் "ஆகும்".

யெவோண்ட் அங்கே போய்ச் சேர்ந்ததும் படத்தின் மேல் ஆசைப்பட்டு இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய கூட்டத்தில் இருந்தவர். சொந்தக் காலில் நிற்க ஒரு தொழில் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது, அந்த இயக்கப் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரம்தான் இந்தத் தொழிலைக் கண்ணில் காட்டியது. சம்பாதிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. "சின்ன வயசிலேயே கேமரா மேல காதல்" என்று பேட்டி கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

நான் டச்சிங் மேஜையில் உட்கார்ந்தது 1983-ல். நீ பிறக்கவே இல்லை. சாய்வான பலகை, நடுவில் பால்கண்ணாடி, அடியில் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும். அதன் மேல் நெகடிவ். கையில் 2எச் பென்சில், உப்புத்தாளில் உரசி உரசி ஊசி மாதிரி ஆக்கினது. நெகடிவில் எல்லாம் நேர்மாறு. முகத்தில் கறுப்பாகத் தெரிகிற சுருக்கம் அங்கே வெளிச்சமான கோடாக இருக்கும். அந்தக் கோட்டுக்குள் பென்சிலால் மெதுவாக நிரப்பினால் பிரிண்டில் சுருக்கம் போய்விடும். கண்ணுக்குக் கீழ் இருக்கிற வளையத்தை முழுக்க அடைத்துவிட்டால் ஆள் பொம்மை ஆகிவிடுவார். முக்கால்வாசி அடைத்து நிறுத்தவேண்டும். எங்கே நிறுத்துவது என்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

ஒரு தடவை பொண்ணு பார்க்கக் கொடுப்பதற்கான போட்டோ வந்தது. கன்னத்தில் ஒரு மச்சம். நெகடிவில் தூசிப் புள்ளி என்று நினைத்து அடைத்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து பொண்ணைப் பார்த்துவிட்டு, "போட்டோவுல இல்லாத மச்சம் நேர்ல எப்படிங்க வந்துது? வேற என்னத்த மறைச்சீங்க?" என்று கேட்டுவிட்டுக் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள். அந்தப் பொண்ணோட அம்மா ஸ்டுடியோ வாசலில் நின்று அழுதது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. முதலாளி என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், லண்டன் பெரிய இடத்துப் படங்களும் பாதி இந்தக் கதைதான். பதினெட்டு வயது ஆனதும் பெண்ணை அரண்மனைக்கு அழைத்துப்போய் ராஜா ராணிக்கு முன்னால் அறிமுகம் செய்துவைப்பார்கள். வெள்ளை கவுன், தலையில் மூன்று தீக்கோழி இறகு, பின்னால் தரையில் புரளும் துணி. அந்தச் சீசன் முழுக்க விருந்து, நடனம், அதோடு ஒரு நல்ல படம். அது 'டாட்லர்', 'ஸ்கெட்ச்' மாதிரி வாரப் பத்திரிகைகளில் முழுப் பக்கத்தில் இன்னாருடைய மகள் என்று வரும். எதற்கு என்று தனியாகச் சொல்லவேண்டுமா? நம்ம ஊரில் அந்தப் படம் கவரில் போட்டுத் தரகர் பைக்குள் போகும். அங்கே அச்சடித்து நாடு முழுக்கப் போனது.

தொழில் நடந்த விதத்தையும் கேள், உனக்கு உதவும். புதுசாகக் கடை போட்டவரிடம் சீமாட்டி தானாக வரமாட்டாள். அதனால் பிரபலமானவர்களுக்குக் கடிதம் எழுதி, காசில்லாமல் வந்து உட்காருங்கள் என்று அழைப்பார்கள். படம் நன்றாக வந்தால் பத்திரிகைக்குப் போகும், பத்திரிகை காசு கொடுக்கும், அடியில் ஸ்டுடியோ பேர் வரும். அதைப் பார்த்து மற்றவர்கள் காசு கொடுத்து வருவார்கள். உட்கார்ந்தவரும் தனக்கு நாலு பிரிண்ட் வாங்காமல் போகமாட்டார். யெவோண்டும் இப்படித்தான் விக்டோரியா தெரு 92-ஆம் எண்ணில் ஆரம்பித்தார். கடைக்கு முதலீடு போட்டவர் அப்பா, 250 பவுண்ட். இந்தத் தொகையை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

போர் வந்து நடுவில் கொஞ்ச காலம் வயல் வேலைக்குப் போனார். திரும்பி வந்து மறுபடியும் கடை. 1921-ல் தொழில்முறைப் போட்டோகிராபர்கள் சங்கத்தில் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். சபை முழுக்க ஆண்கள். ஒரு பெண்ணின் பார்வையில் போர்ட்ரெய்ட் என்பது தலைப்பு. இந்த வேலைக்குப் பெண்கள்தான் பொருத்தம் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே வாதாடினார். எனக்கு அந்த வாதம் முழுக்க ஒப்பில்லை. பொண்ணு ரூமுக்குள் போக நீ வேண்டும் என்கிறார்களே, அதுவும் கிட்டத்தட்ட அதே வாதம்தான். நம்மை உள்ளே விடுவதற்குச் சொல்கிற காரணத்தையே வைத்து நம்மை அந்த ரூமோடு நிறுத்தியும் விடுவார்கள். ஆனால் அந்தச் சபையில் எழுந்து நின்றதற்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும்.

இப்போது கலருக்கு வருகிறேன். அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இதனால்தான்.

1930-களின் தொடக்கம். கலர் என்றால் விளம்பரத்துக்கு, சோப்பு டப்பாவுக்கு. மரியாதைப்பட்டவர்கள் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது எழுதாத சட்டம். வேண்டுமானால் பிரிண்டின் மேல் கொஞ்சம் ரோஸ், கொஞ்சம் நீலம் தீட்டலாம். நானும் தீட்டியிருக்கிறேன், தண்ணீர் கலந்த ரோஸ்மில்க் மாதிரி இருக்கும். அந்த வெளிறிப்போன தீட்டல் எல்லாம் வேண்டாம், கலர் என்று இறங்கினால் கொட்டித் தீர்க்கவேண்டும் என்று 1932-ல் ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியில் பேசினார். சிவப்புக் கூந்தலுக்கும், யூனிபாரத்துக்கும், நல்ல மேனி நிறத்துக்கும், நகப்பூச்சுக்கும் இனிமேல்தான் காலம் என்றார். அதே வருஷம் ஆல்பனி கேலரியில் தன் கலர் படங்களை மாட்டிக் காட்டியும் விட்டார். அவருடைய அப்பாவின் தொழில் என்ன தெரியுமா? அச்சு மை தயாரிப்பது. வீட்டிலேயே கலரோடு வளர்ந்த பெண்.

அவர் பிடித்துக்கொண்ட முறைக்கு விவெக்ஸ் என்று பேர். வில்லெஸ்டனில் டாக்டர் ஸ்பென்சர் என்பவர் நடத்திய கம்பெனி. நீ கம்ப்யூட்டரில் லைட்ரூம் சாஃப்ட்வேரில் ஒரு ஸ்லைடரை இழுக்கிறாயே, அது அன்று எப்படி நடந்தது பார். ஒரு படத்துக்கு மூன்று கண்ணாடித் தகடு. ஒன்று நீல வடிகட்டி வழியாக, ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. மூன்றும் கறுப்பு வெள்ளை நெகடிவ்தான். நீலத்தின் வழியாக எடுத்ததிலிருந்து மஞ்சள், பச்சையிலிருந்து மெஜந்தா, சிவப்பிலிருந்து சயான் என்று மூன்று மெல்லிய வண்ணப் படலம் தயார் பண்ணி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தாளில் ஏற்றவேண்டும். மயிரிழை தள்ளிப் போனால் மூக்கின் ஓரத்தில் பச்சை விளிம்பு, உதட்டின் ஓரத்தில் சிவப்பு விளிம்பு. நம்ம காலண்டரில் சாமி படம் சில சமயம் இரட்டையாகத் தெரியுமே, அந்த மாதிரி. தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளி எடுக்கிற கேமரா என்றால், மூன்றும் முடிகிற வரை எதிரே உட்கார்ந்தவர் கண் சிமிட்டக்கூடாது. இதற்காகவே ஒரே சொடுக்கில் மூன்று தகட்டிலும் விழுகிற மாதிரி ஒரு கேமரா வந்தது, அவர் அதை வாங்கினார். மூன்றாகப் பிரிகிற வெளிச்சம் என்பதால் விளக்கு நிறைய வேண்டும். அந்த விளக்குகளின் மேலே கலர் செலோபேன் தாளைக் கட்டி நிறத்தையே மாற்றிவிடுவார்.

1935 மார்ச் 5-ஆம் தேதி கிளாரிட்ஜ்ஸ் ஹோட்டலில் பார்வையற்றோர் நல நிதிக்காக ஒரு விருந்து. பணக்காரப் பெண்கள் எல்லாம் கிரேக்க, ரோமானியத் தேவதைகளாக வேஷம் கட்டிக்கொண்டு வந்தார்கள். யெவோண்ட் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு, அந்த வட்டத்துப் பெண்களைத் தன் ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார். அதற்குள் கடை பெர்க்லி சதுக்கத்துக்கு மாறியிருந்தது. ஜூலையில் அங்கேயே கண்காட்சி.

மெடூசா படத்துக்கு முன்னால் நான் அரைமணி நேரம் நின்றேன். எட்வர்ட் மேயர் என்பவரின் மனைவி. முகம் வெளிறிப்போய், உதடு ஊதாவுக்குப் பக்கத்தில் ஒரு நிறம், தலையிலும் கழுத்திலும் பாம்பு. பொம்மைக் கடை ரப்பர் பாம்பு! கண் நேராக நம்மைப் பார்க்கிறது. பார்த்தவர்களைக் கல்லாக்குகிறவள் அல்லவா, அந்தப் பார்வைக்கும் பாம்புக்கும் சம்பந்தமே இல்லை. பாம்பு சிரிப்பு வரவழைக்கிறது, கண் சிரிக்க விடமாட்டேன் என்கிறது. நான் டச்சிங்காரி என்பதால் கண்ணுக்குக் கீழேதான் முதலில் பார்ப்பேன். அந்த நிழலை அப்படியே விட்டிருக்கிறார். லாலி சார்லஸ் கடையில் மூன்று வருஷம் டச்சிங் கற்றவர், எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரிந்தே விட்டுவைத்த நிழல் அது.

மற்றவர்களையும் சொல்கிறேன். லேடி மில்பேங்க் போர்ப் பெண்களின் ராணி பெந்தெசிலியா, கழுத்தில் அம்பு பாய்ந்து தலை சாய்ந்திருக்கிறது. லேடி பிரிட்ஜெட் பூலெட் நீர்த் தேவதை அரெதூசா, எல்லாம் பச்சையும் நீலமும். லேடி பால்கன் மினர்வா, போர்த் தெய்வம் என்பதால் தலையில் இரும்புத் தொப்பி, கையில் ரிவால்வர். பிள்ளைகளை இழந்து அழுத நயோபிக்குக் கண்ணீர் வேண்டும், கிளிசரின்தான். நம்ம சினிமாக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை.

இதில் எது சீமாட்டி, எது கிண்டல்? இதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண்களுக்கு வேண்டியது தேவதையாகத் தெரிவது. அதைக் கொடுத்துவிட்டார், ஒரு குறையும் இல்லை. அதே சமயம் பாம்பு ரப்பர் என்பதையும் மறைக்கவில்லை. காசு கொடுத்தவரும் சந்தோஷமாகப் போனார், எடுத்தவரும் தன் சிரிப்பை உள்ளே வைத்துவிட்டார். முகஸ்துதி பண்ணுகிற தொழிலில் இருந்துகொண்டே முகஸ்துதியைப் பற்றிப் படம் எடுப்பது எல்லாருக்கும் கைவராது.

ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டுப் போக முடியவில்லை. அழகுத் தெய்வம் வீனஸாக இருப்பவர் டயானா கின்னஸ். அடுத்த வருஷமே, 1936-ல், பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியை பெர்லினில் நாஜிப் பிரசார மந்திரி கோயபல்ஸ் வீட்டில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணத்துக்கு ஹிட்லர் வந்திருந்தார். 1940-ல் லண்டன் சிறையில் அடைத்தார்கள். படத்தில் என்ன அழகு! போர்ட்ரெய்ட் எடுக்கிறவள் அன்றைக்குக் கதவைத் தட்டிய முகத்தைத்தான் எடுக்க முடியும் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. பெரிய இடத்து ஆட்களை நம்பியே பிழைத்தால் இந்த முகமும் நம் கணக்கில் வந்து சேரும் என்று இன்னொரு பக்கம். எனக்கு இன்னும் தீரவில்லை. நீயும் நாளைக்கு ஒரு பெரிய அரசியல்வாதி வீட்டுக் கல்யாணத்துக்குப் போவாய், அப்போது உனக்கும் தோன்றும்.

1939 அவருக்குக் கெட்ட வருஷம். ஏப்ரலில் கணவர் எட்கர் மிடில்டன் இறந்தார், நாடகம் எழுதுகிறவர். செப்டம்பரில் போர். விவெக்ஸ் கம்பெனி மூடிவிட்டது. அதாவது, அவர் பல வருஷமாகக் கையில் பழக்கிய கலரைப் போட்டுக்கொடுக்க ஆள் இல்லை. நமக்கு ஆர்வோ போட்டோ பேப்பர் நின்றுபோனது, பிலிம் நின்றுபோனது என்று புலம்பினார்களே, அந்த மாதிரி. வயது 46. அவர் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பி, படத்தைக் கழுவும்போது நடுவில் வெளிச்சம் காட்டி ஓரங்களை மினுக்குகிற வித்தையை எல்லாம் பண்ணிப் பார்த்தார். ஸ்டுடியோவை மூடவே இல்லை. எழுபது வயதுக்கு மேல் எத்தியோப்பியாவுக்குப் போய்ப் பேரரசர் ஹைலே செலாசியைப் படம் எடுத்தார். 1968-ல் பெண்கள் ஓட்டுரிமை பெற்ற பொன்விழாவுக்கு, பேர் பெற்ற பெண்களின் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். 1975 டிசம்பரில் காலமானார், 82 வயது. அந்த மூன்று மூன்று தகடுகளில் பலவற்றை கேலரியில் ஸ்கேன் பண்ணி ஒன்று சேர்த்திருக்கிறார்கள்.

லாலி சார்லஸ் என்ன ஆனார் என்று நீ கேட்க மாட்டாய், ஆனால் நான் தேடினேன். நான் எப்போதும் முதலாளி பக்கம் கொஞ்சம் பார்க்கிறவள். ரசனை மாறிவிட்டது, அந்த மெத்து மெத்தென்ற படங்களுக்கு மவுசு போய்விட்டது, போர் வேறு. தொழில் தேய்ந்து 1919-ல் இறந்துபோனார். அவருடைய நெகடிவ்களில் மிஞ்சிய கொஞ்சத்தைப் பிறகு காசு கொடுத்து வாங்கி வைத்தது யார் தெரியுமா? ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு வெளியே போன அந்தப் பழைய சிஷ்யை. அவை இப்போது அதே கேலரியில்தான் இருக்கின்றன. அவர் மேஜையில் உட்கார்ந்து பென்சிலால் அடைத்த நெகடிவ்கள் சிலவாவது அதில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் முதலாளியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மூன்று வருஷம் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் எந்தத் தாடை எப்படித் தெரியும் என்று தினமும் கையில் தூக்கிப் பார்த்திருக்கிறாய். கேமரா பிடித்தவன் வியூஃபைண்டரை மட்டும்தான் பார்த்தான்.

இப்போது அந்த 250 பவுண்டுக்கு வருகிறேன். ஒரு கேமரா பாடி, ஒரு 85 எம்எம் லென்ஸ், இரண்டு லைட், ஒரு பேக்டிராப். வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு, வாங்கினால் எவ்வளவு என்று இரண்டு கணக்கும் போட்டு எனக்கு அனுப்பு. செகண்ட் ஹேண்ட் விலையும் எழுது. உன் நகைக்கு என்று உங்கப்பா எடுத்து வைத்திருக்கிறான் அல்லவா, அதைப் பற்றி அவனிடம் தனியாகப் பேசவேண்டிய அவசியம் இல்லை. நான் இங்கே எழுதுகிற எல்லாவற்றையும் அவன் காலையில் டீயோடு உட்கார்ந்து படிக்கிறான். ஒரு தடவைகூடப் படித்ததாகச் சொன்னதில்லை.

படிச்சிட்டியா தம்பி?

அத்தை